இருண்ட திரையும் இயங்கும் கணிப்பொறியும்

திருவனந்தபுரத்தில் ஸ்ரீ பத்மநாபஸ்வாமி ஆலயத்திற்கு அண்மையில் உள்ள ஸ்ரீவராகம், வராகமூர்த்தியின் கோயிலாலும் அதனருகே பரந்து கிடக்கும் குளத்தாலும் பெயர் பெற்ற பகுதியாகும். ஐப்பசியில், மலையாளத்தார் துலாம் எனக் குறிக்கும் மாதத்தில், அங்கே மாலை மழை இடியோடும் மின்னலோடும் வரும். மின்சாரம் தடைப்படுவதும் பெரும்பாலும் அதனுடன் சேர்ந்தே வரும். அத்தகைய மாலையொன்றில், ஒரு வீட்டில் கணிப்பொறி இயங்கிக்கொண்டிருக்கையில் மின்சாரம் நின்றுவிட்டதெனக் கொள்க. மின்சாரம் திரும்பியபின் விசையை அழுத்தினால் வழக்கமான வண்ணத் திரை தோன்றவில்லை. கறுத்த திரையில் வெண்ணிற எழுத்துகளில் சில வரிகள் மட்டும் நிற்கின்றன. கடைசி வரியின் முடிவில் ஒரு சிறு கோடு மின்னி மின்னி மறைகின்றது. யந்திரம் பழுதாகிவிட்டது என்று வீட்டார் முடிவு செய்கின்றனர். பழுது பார்ப்பவர் இயங்குதளத்தைப் புதிதாக நிறுவித் தருகின்றார். கணிப்பொறி ஓடுகின்றது, ஆனால் அதிலிருந்த பல ஆண்டுப் புகைப்படங்களும், கணக்குகளும், குழந்தைகளின் பாடக் குறிப்புகளும் அழிந்துபோயின.

இவ்விழப்பு பெரும்பாலும் தேவையற்றது. கறுத்த திரையில் மின்னிய கோடு, கணிப்பொறி உயிருடன் இருந்தது என்பதற்கு அடையாளம். அது ஒரு கட்டளைக்காகக் காத்திருந்தது. அதனைப் படித்துப் பார்ப்பவர் இல்லாமற்போனதே குறை.

கேரளத்தில் இச்செய்தி ஒருசில வல்லுநர்க்கு மட்டும் உரியதன்று. கட்டற்ற மென்பொருள் இயக்கத்தைத் தொடங்கிய ரிச்சர்ட் ஸ்டால்மன் 2001 ஜூலை 20-ஆம் நாள் அவ்வியக்கத்தின் இந்திய அமைப்பைத் தொடங்கிவைத்தது இதே திருவனந்தபுரத்தில்தான். அவ்வாண்டிலேயே உருவான 'ஐ.டி. அட் ஸ்கூல்' திட்டத்தின் வாயிலாக, அடுத்த சில ஆண்டுகளில் மாநிலத்தின் அரசுப் பள்ளிகளும் உதவி பெறும் பள்ளிகளும் க்னூ லினக்ஸ் இயங்குதளத்திற்கு மாறின. அத்திட்டம் 2017-இல் 'கைட்' என்னும் அரசு நிறுவனமாயிற்று. உபுண்டுவை அடிப்படையாகக் கொண்டு பள்ளிகளுக்கென ஓர் இயங்குதளத்தைத் தொகுத்தும் வழங்கி வருகின்றது. தமிழ்நாட்டிற்கும் இது அந்நியமன்று. சென்னையிலுள்ள சி-டாக் நிலையத்தார் உருவாக்கிய 'பாஸ்' இயங்குதளம் 2007-இல் வெளிவந்தது. 2011 முதல் மாணவர்க்கு அரசு வழங்கிய மடிக்கணினிகளில், விண்டோஸுடன் இதுவும் இடம் பெற்றிருந்தது. ஆகவே திரை இருளும்போது செய்ய வேண்டுவது யாது என்பது ஒரு வகுப்பறைக் கேள்வியாகவும் வீட்டுக் கேள்வியாகவும் ஆகிவிட்டது.

இத்தகைய இயங்குதளத்தில் திரையில் காணப்படும் அனைத்தும் ஒரே பொருளன்று என்பதை முதலில் உணர்தல் வேண்டும். நாடகக் கொட்டகையை நினைவிற் கொண்டால் இது எளிதில் விளங்கும். கட்டடமும் மின்சார இணைப்பும் போன்றது லினக்ஸ் என்னும் கரு. வன்பொருள் யாவும் அதன் ஆட்சியில் உள்ளன. மேடையும் விளக்கும் போன்றது திரையில் படம் வரையும் காட்சி வழங்கி. மேடையில் எந்தப் பாத்திரம் முன்னே நிற்பது, எது பின்னே ஒதுங்குவது என்று ஒழுங்கு செய்பவரைப் போன்றது சாளர மேலாளர்; சாளரங்களுக்குத் தலைப்புப் பட்டையிட்டு, நகர்த்தி, மறைத்து வைப்பது அதுவே. இவற்றின்மேல் பட்டிகள், கோப்புப் பெட்டிகள், அமைப்புகள் ஆகிய எல்லா அலங்காரங்களும் சேர்ந்தது டெஸ்க்டாப் சூழல். விளக்கு அணைந்ததனால் நடிகர்கள் இறந்துவிடுவதில்லை அல்லவா!

இவ்வடுக்குகள் தனித்தனியே பிறந்தவை. எக்ஸ் என்னும் காட்சி முறை 1984-இல் அமெரிக்காவின் மாஸசூசெட்ஸ் தொழில்நுட்பக் கழகத்தில் தோன்றியது. அதன் பதினோராம் வடிவம் 1987-இல் வந்தது. கே.டி.ஈ. என்னும் டெஸ்க்டாப் சூழல் 1996-இலும், க்னோம் 1997-இலும் தொடங்கப்பெற்றன. எக்ஸ் முறைக்கு மாற்றாக வேலண்ட் என்பது 2008-இல் தொடங்கிற்று. பலர் பல காலத்தில் செய்தமையால் இவை ஒன்றோடொன்று உரசுவதுண்டு. ஆயினும் அதே காரணத்தால் ஒன்று விழுந்தால் மற்றொன்றைத் தனியே நின்று விசாரிக்கவும் இயல்கின்றது.

விசாரணை அடியிலிருந்து தொடங்க வேண்டும். திரை உறைந்துபோனால், விசைப்பலகையிலுள்ள பேரெழுத்து விசையை அழுத்தி, அதன் சிறு விளக்கு மாறுகின்றதா என்று நோக்குக. மாறினால் கரு உயிருடன் உள்ளது எனலாம். பிறகு கன்ட்ரோல், ஆல்ட் ஆகிய இரு விசைகளுடன் எஃப்3 விசையைச் சேர்த்து அழுத்தினால், படங்கள் ஏதுமற்ற எழுத்துத் திரை தோன்றும். அதிற் பெயரும் கடவுச்சொல்லும் தந்து உள்ளே நுழைய இயன்றால், பழுது காட்சி அடுக்கிலோ அதற்கு மேலோதான் உள்ளது. இங்கிருந்தே சிக்கிக்கொண்ட நிரலை நிறுத்தலாம். கோப்புகளைப் பிரதி எடுக்கலாம். பழைய வானொலிப் பெட்டியின் பக்கத்தில் ஒரு தட்டு தட்டிப் பார்க்கும் வழக்கம் கணிப்பொறியின் மின்விசையை நெடுநேரம் அழுத்திப் பிடிப்பதாக உருமாறி நிற்கின்றது. எழுத்துத் திரையை அறிந்தவர்க்கு அது தேவைப்படுவது அரிது.

ஸ்ரீவராகத்து வீட்டில் நிகழ்ந்தது இதற்கும் அடியிலுள்ள அடுக்கில். வட்டில் எழுதிக்கொண்டிருக்கும்போதே மின்சாரம் நின்றால் கோப்பு முறைமையின் கணக்கு குலையக்கூடும். இன்று பெரிதும் வழங்கும் எக்ஸ்ட்4 முறைமை, எழுதப்போவதை முன்னரே ஒரு நாட்குறிப்பில் குறித்துக்கொள்வதால் பெரும்பாலும் தானே சீராகிவிடும். சில வேளைகளில் அவ்வாறு ஆவதில்லை. அப்போது கணிப்பொறி மேற்கொண்டு செல்லாமல் நின்று, கோப்பு முறைமையைக் கையால் சரிபார்க்குமாறு எழுத்தில் வேண்டுகின்றது. எந்த வட்டுப் பகுதி என்பதையும் குறிப்பிடுகின்றது. அதற்குரிய 'எஃப்.எஸ்.சி.கே' என்னும் கட்டளையை அப்பகுதியின் பெயருடன் தட்டினால் பல வேளைகளில் சில நிமிடங்களில் வண்ணத் திரை திரும்பிவிடும். ஓர் எச்சரிக்கை இங்கே அவசியம். வட்டே தேய்ந்து பழுதுற்றிருக்கும் ஐயம் இருப்பின், இக்கட்டளை நிலைமையை மோசமாக்கவும் கூடும். அந்நிலையில் ஒரு பென் டிரைவிலிருந்து மற்றோர் இயங்குதளத்தை ஓட்டி, முக்கியமான கோப்புகளை முதலில் வெளியே பிரதி எடுத்துவிடுவதே முறை. பழுது நீக்குவது அதன்பின்.

பலரைத் திகைக்கவைக்கும் மற்றொரு நோய் உண்டு. நுழைவுத் திரையில் சரியான கடவுச்சொல்லைத் தந்ததும் திரை ஒரு கணம் இருண்டு, மீண்டும் அதே நுழைவுத் திரையே வந்து நிற்கும். கடவுச்சொல் தவறென்ற அறிவிப்பு வாராது. எத்தனை முறை முயன்றாலும் இதே கதை. எழுத்துத் திரையில் அதே கடவுச்சொல் ஏற்கப்படுமானால் கணக்கிற் குற்றமில்லை என்பது தெளிவு. பெரும்பாலும் இதன் காரணம் வட்டு நிரம்பியிருத்தலே. டெஸ்க்டாப் சூழல் தொடங்குகையில் சில சிறு கோப்புகளை எழுத வேண்டியுள்ளது. எழுத இடமில்லையேல் அது மறுசொல் இன்றி மடிகின்றது. எக்ஸ்ட்4 முறைமையை அமைப்போர், மாற்றிச் சொல்லாதவரை, நூற்றுக்கு 5 பங்கு இடத்தை நிர்வாகிக்கென ஒதுக்கி வைப்பது வழக்கம். ஆதலால் சாதாரண உபயோகிப்பாளர்க்கு வட்டு நிரம்பிய பின்னும் நிர்வாகியின் பணிகள் ஓடிக்கொண்டிருக்கும். நோயின் காரணம் மறைந்துகிடப்பதும் இதனாற்றான். வேண்டாத கோப்புகள் சிலவற்றை எழுத்துத் திரையிலிருந்து நீக்கினால் கதவு திறந்துவிடும். எக்ஸ் முறையில் இயங்கும் சில அமைப்புகளில், உபயோகிப்பாளரின் அனுமதிக் கோப்பு தவறுதலாக நிர்வாகியின் உடைமையாகிவிடுவதும் இதே விளைவைத் தரும். ஒரு வரைகலை நிரலை நிர்வாகியின் அதிகாரத்தோடு இயக்கியவர்க்கு நேரும் விபத்து இது. அக்கோப்பின் பெயரை மாற்றி வைத்தால் அடுத்த நுழைவில் புதியது தோன்றும்.

கருவைப் புதுப்பித்த மறுநாள் திரை இருண்டால் ஐயம் திரை அட்டையின் இயக்கியின்மேல் விழ வேண்டும். என்விடியா நிறுவனத்தின் இயக்கி போன்றவை ஒவ்வொரு கருவுக்கும் தனித்தனியே பொருத்தப்படுவன. புதிய கருவுக்கு அது பொருந்தாவிடில் காட்சி வழங்கி எழுவதில்லை. நல்ல வேளையாக, பழைய கரு வட்டிலேயே விட்டுவைக்கப்பட்டிருக்கும். கணிப்பொறி தொடங்கும்போது வரும் க்ரப் பட்டியலில் அதனைத் தேர்ந்தெடுத்து நுழைந்து, இயக்கியைச் சாவகாசமாகச் சரிசெய்யலாம்.

சாளரங்களின் தலைப்புப் பட்டைகள் திடீரென மறைந்து, எதனையும் நகர்த்த இயலாமற்போவதும் உண்டு. எக்ஸ் முறையில் இதன் பொருள் சாளர மேலாளர் விழுந்துவிட்டார் என்பதே. நிரல்கள் யாவும் உயிருடன் உள்ளன. சாளர மேலாளரை மட்டும் மீண்டும் இயக்கினால் எழுதிக்கொண்டிருந்த கடிதம் அப்படியே இருக்கும். வேலண்ட் முறையிலோ காட்சி வழங்கியும் சாளர மேலாளரும் ஒன்றே. அது விழுந்தால் பெரும்பாலும் திறந்திருந்த நிரல்களும் உடன் விழுகின்றன. ஒரு நிரல் மற்றொன்றின் விசையழுத்தங்களை ஒற்றறிய வேலண்ட் இடங்கொடுப்பதில்லை என்பது பெரு நன்மை; அதற்குத் தரும் விலையில் இதுவும் ஒன்று.

பழுது இயங்குதளத்தினதா, ஒருவரின் சொந்த அமைப்புகளினதா என்று பிரித்தறிய எளிய பரிசோதனை ஒன்றுண்டு. புதிய உபயோகிப்பாளர் கணக்கு ஒன்றைத் தொடங்கி அதில் நுழைக. அங்கே எல்லாம் செவ்வனே நடந்தால் குற்றம் பழைய கணக்கின் அமைப்புக் கோப்புகளில் உள்ளது. க்னோம் சூழலில் பிறர் செய்த நீட்சிகளைச் சேர்த்துக்கொண்டவர்க்கு, சூழல் புதுப்பிக்கப்பட்டதும் இது நேர்வது சகஜம். அமைப்புக் கோப்புகள் உள்ள அடைவின் பெயரை மாற்றி வைப்பதே போதுமானது, அழித்துவிடுதல் கூடாது. தமிழிலோ மலையாளத்திலோ கொம்பும் காலும் எழுத்தை விட்டுத் தனியே பிரிந்து நிற்பதைக் கண்டு டெஸ்க்டாப் சூழலைக் குறை கூறுவோரும் உளர். அது எழுத்துருவையோ எழுத்துக் கோக்கும் நிரலையோ சேர்ந்த வேறு விஷயம். சூழலை மாற்றிப் பயனில்லை.

இவை எவற்றிலும் ஊகத்தைவிடச் சிறந்த துணை பதிவேடு. என்ன நிகழ்ந்தது என்பதை இயங்குதளம் நொடிக்கு நொடி எழுதி வைக்கின்றது. எக்ஸ் முறையின் பதிவேட்டில் பிழை வரிகள் இரு 'ஈ' எழுத்துகளாலும், எச்சரிக்கை வரிகள் இரு 'டபிள்யூ' எழுத்துகளாலும் தொடங்கும். முதற் பிழை வரியே பெரும்பாலும் உண்மைக் காரணம். அதன் கீழுள்ளவை அதன் விளைவுகள். கடைசி வரியைப் படித்துவிட்டு ஓடுவோர் காரணத்தை விட்டு விளைவைத் துரத்துகின்றனர்.

கேரளத்துப் பள்ளிகளில் இப்பணியைச் செய்வோர் பெரும்பாலும் பொறியியல் வல்லுநரல்லர். கணக்கோ, மலையாளமோ, சமூகவியலோ கற்பிக்கும் ஆசிரியர்களே கணிப்பொறிப் பொறுப்பையும் ஏற்றுப் பயிற்சி பெறுகின்றனர். 2018-இல் தொடங்கிய 'லிட்டில் கைட்ஸ்' மன்றங்களின் வாயிலாக மாணவர்களும் அதிற் கைகொடுக்கின்றனர். கணிப்பொறிகளில் இயங்குதளத்தை நிறுவித் தரும் முகாம்களையும் அவர்கள் நடத்துகின்றனர். அத்தகைய முகாமுக்குக் கணிப்பொறியைக் கொண்டுவருவோரிடம் முதலிற் கேட்க வேண்டிய கேள்வி, "இதிலுள்ள கோப்புகளுக்கு வேறிடத்தில் பிரதி உள்ளதா?" என்பதாகும்.