பழமரத் தோப்பும் பல்லுயிர் வாழ்வும்

முதுமையுற்றுப் பொந்து விழுந்த மரத்தைக் கண்டால் தோட்டக்காரன் முதலில் தேடுவது கோடரியையே. காய்ப்புக் குறைந்த மரம் நிலத்துக்குச் சுமை என்பது அவன் எண்ணம். அவ்வெண்ணம் முற்றும் பொருந்தாது என்பதை இங்கிலாந்தின் மேற்குப் பகுதியிலுள்ள ஆப்பிள் தோப்புகள் உணர்த்துகின்றன.

ஹெரிபோர்டுஷயர், சாமர்செட் முதலிய மாவட்டங்களில் ஒருவகை ஆப்பிளைப் பிழிந்து, சாற்றைப் புளிக்கவைத்துச் ‘சைடர்’ என்னும் மதுவைச் செய்வர். அங்குள்ள பழைய தோப்புகளில் மரங்கள் ஓங்கி வளர்ந்து, இடைவெளி விட்டு நிற்கும். அடியிலுள்ள புல்வெளியில் ஆடுகள் மேயும். உதிர்ந்த பழங்களைத் தரையிலிருந்தே சேர்ப்பராதலின், அப்பருவத்துக்கு முன்னரே ஆடுகளை வெளியேற்றிவிடுவர்.

ஓக் மரம் பொந்துடையதாக நூற்றாண்டுகள் செல்லும். ஆப்பிள் மரமோ சில பத்தாண்டுகளிலேயே அந்நிலையை எய்தும். அப்பொந்துகளில் ஆந்தையும் வௌவாலும் குடியிருக்கும். உளுத்த உள்மரத்தைத் தின்று, ‘நோபிள் சேஃபர்’ என்னும் அரிய பசும்பொன் வண்டின் புழு ஏறத்தாழ இரண்டு ஆண்டுகள் வளரும். அது மரத்தின் உயிருள்ள பகுதியைத் தீண்டுவதில்லை. ஆகவே அதனால் தோட்டக்காரனுக்கு இழப்பில்லை. அவனுடைய கோடரியாலோ அதற்கு வாழ்வேயில்லை.

தோப்பு கொடுப்பது மட்டுமன்றிப் பெறுவதும் உண்டு. ஆப்பிள் வகைகளுள் பெரும்பாலானவை தம் மகரந்தத்தால் தாமே நன்கு காய்ப்பதில்லை. வேறு வகை மரத்தின் மகரந்தத்தைத் தேனீக்கள் கொணர வேண்டும். ஆனால் ஆப்பிள் பூத்திருப்பது சில வாரங்களே. எஞ்சிய நாட்களில் தேனீக்கள் எதை உண்ணும்? வேலிப் புதர்களும் புல்வெளியும் தரும் பூக்களையே. ஆதலின் வேலியை அழித்துப் புல்லை ஓயாது வெட்டுபவன் தன் விளைச்சலையே குறைத்துக்கொள்கிறான். பொந்தில் கூடமைக்கும் சிறு குருவிகளும் தம் குஞ்சுகளுக்கெனப் புழுக்களையும் அசுவினிகளையும் பொறுக்கித் தோப்புக்கு உதவுகின்றன.

பிறர் உழைப்பில் வாழ்பவனைத் தமிழில் ‘புல்லுருவி’ என்று இகழ்வோம். அப்புல்லுருவிக்கு உறவான செடியொன்று இத்தோப்புகளில் செழித்து வளர்கிறது. அதன் வெண்ணிறக் கனிகள் குளிர்காலத்தில் பறவைகளுக்கு உணவாகும். அதனை மட்டுமே உண்டு வாழும் பூச்சிகளும் உள. எனினும் அது மிகுந்தால் மரம் நலியும். ஆகவே ஒரு பகுதியை வெட்டிக் கிறிஸ்துமஸ் காலத்தில் விற்று, மறு பகுதியை விட்டுவைப்பர். டென்பரி வெல்ஸ் என்னும் ஊரின் புல்லுருவி ஏலம் புகழ்பெற்றது. அழிப்பதுமன்று, பெருகவிடுவதுமன்று, அளவறிந்து காப்பதே முறை என்பதற்கு இது சான்றாகும்.

இத்தகைய தோப்புகள் இன்று அருகிவிட்டன. 1900-ஆம் ஆண்டுக்குப் பின் இங்கிலாந்திலும் வேல்ஸிலும் இருந்த பழைய முறைத் தோப்புகளில் 81 விழுக்காடு மறைந்துவிட்டதாக, நேஷனல் டிரஸ்ட் என்னும் அமைப்பு 2022-இல் அறிவித்தது. எஞ்சியவற்றைக் காக்கும் வழி யாது? முதுமரத்தை நிற்கவிட்டு, அதன் அருகே இன்றே இளங்கன்றை நடுவதாம். பழைய மரம் வீழும் நாளில் அடுத்த மரத்தில் பொந்து தோன்றியிருத்தல் வேண்டும். இல்லையேல் அவ்வண்டு எங்கே குடிபுகும்? கன்று நடுவோன் தன் பேரனுக்குப் பழத்தை மட்டுமன்று, ஒரு பொந்தையும் சேர்த்தே விட்டுச் செல்கிறான்.