வேகக் கட்டுப்பாட்டை அகற்றலாமா?

கொல்லிமலையின் அரியூர் நாட்டிற்குக் காரவள்ளி வழியாகச் செல்வோர் 70 கொண்டை ஊசி வளைவுகளைக் கடக்க வேண்டும். பேருந்து ஓட்டுநரே மூச்சைப் பிடித்துத் திருப்பும் சாலை. அங்கே பறப்பதற்கென்று, மோட்டார் சைக்கிளில் தொழிற்சாலை வைத்த வேகக் கட்டுப்பாட்டை அகற்றித் தருமாறு மெக்கானிக்கை நாடும் பிள்ளைகளும் உளர்.

1999-இல் வெளிவந்த சுசுகி ஹயபுசா மணிக்கு 300 கிலோமீட்டரைத் தாண்டியது. ஐரோப்பாவில் தடை வருமோ என்றஞ்சிய ஜப்பானிய உற்பத்தியாளர்கள் 299-உடன் நிறுத்திக்கொள்ள உடன்பட்டனர். செய்தவர்களே அஞ்சிய வேகம்!

வண்டியிலுள்ள சிறு கணினிப் பெட்டி, வரம்பு மீறினால் எரிபொருளையோ தீப்பொறியையோ நிறுத்திவிடும். அதை ஏமாற்றி எஞ்சினை மிகையாகச் சுழலவிட்டால், வால்வுகள் உரிய நேரத்தில் மூடாமல் பிஸ்டனில் மோதக்கூடும். டயரின் பக்கவாட்டில் அளவையடுத்துள்ள எழுத்தைப் பாருங்கள்: ‘பி’ எனில் 150 கிலோமீட்டர், ‘எஸ்’ எனில் 180. அதுவே அந்த டயரின் எல்லை. வேகம் இரு மடங்கானால் மோதும் ஆற்றலோ நான்கு மடங்கு.

மோட்டார் வாகனச் சட்டத்தின் 52-ஆம் பிரிவு இத்தகைய மாற்றங்களைத் தடுக்கிறது. 2019-ஆம் ஆண்டுத் திருத்தத்தின்படி, 18 வயது நிறையாத பிள்ளை ஓட்டிக் குற்றம் புரிந்தால் பெற்றோருக்கு 25,000 ரூபாய் அபராதமும் மூன்றாண்டு வரை சிறையும் உண்டு.

இவற்றினும் என்னை அச்சுறுத்துவது வேறொன்று. சுமையுடன் சாலையோரம் நடக்கும் மலைவாசி ஒருவர் அடிபட்டால், வண்டியை மாற்றியதைக் காட்டி இன்ஷூரன்ஸ் நிறுவனம் தகராறு செய்யலாம். அவருடைய நஷ்ட ஈடு அடியார்களின் ஹக்கு அல்லவா? உரியவர் பெற்றாலன்றி, அல்லது மன்னித்தாலன்றி, நம் தொழுகையும் நோன்பும் அதைத் தீர்த்துவிடா.

அடுத்த முறை வண்டி சர்வீசுக்குப் போகும்போது நீங்களும் உடன் செல்லுங்கள். கம்பெனி வைத்த அமைப்பு அப்படியே உள்ளதா என்று மகன் முன்னிலையிலேயே கேளுங்கள்.