பொருத்தம் பார்க்கும் பொறி

தலைவன் தலைவியர்க்கு வேண்டிய ஒப்புமைகளைத் தொல்காப்பியர் மெய்ப்பாட்டியலிற் பத்தாக வகுத்தார். பிறப்பும் குடிமையும் அவற்றுள் முன்னிற்பினும், அருளும் உணர்வும் அப்பத்தினுள் அடங்கும். இக்காலத்துக் கைத்தொலைபேசிச் செயலிகளும் துணை தேடுவோர்க்குப் பொருத்தம் பார்க்கின்றன. அவை எதனைக் கொண்டு பார்க்கின்றன என்பதே ஈண்டு ஆராயற்பாலது.

கண்டி மாநகரில் வாழும் நமக்கு ஞாயிற்றுக்கிழமைப் பத்திரிகைகளின் மணமக்கள் தேவை விளம்பரங்கள் புதியனவல்ல. ஆங்கில, சிங்கள இதழ்களிற் கண்டியர், கொவிகம, பௌத்தர் என்னும் அடைகள் கல்விக்கும் தொழிலுக்கும் முன்னே நிற்பதைப் பலகாற் கண்டுள்ளோம். தமிழ் இதழ்களில் ஊரும் குலமும் அவ்வாறே நிற்கும். கண்டியர் என்பது வெறும் ஊர்ப்பெயருமன்று. 1952ஆம் ஆண்டுக் கண்டிய விவாக, விவாகரத்துச் சட்டம் அவர்க்கெனத் தனிப் பதிவுமுறையே வகுத்துள்ளது.

சாதி காரணமாகக் கோயில், கடை முதலிய இடங்களில் ஒருவரைத் தடுத்தலை 1957ஆம் ஆண்டுச் சட்டம் குற்றமாக்கிற்று. மணத்தெரிவு அதன் எல்லைக்குப் புறம்பானது. அங்ஙனமிருத்தலே முறையுமாம், யார் யாரை விரும்பவேண்டுமென அரசு விதித்தலாகாது.

ஆயின் செயலியில் விரும்புபவர் ஒருவர், வரிசைப்படுத்துவது பொறி. ஒருவர் எவ்வெவரை ஏற்றார், எவரைத் தள்ளினார் என்பதை அது குறித்துக்கொள்ளும். அவரையொத்த ஏனையோரின் தெரிவுகளையும் சேர்த்து நோக்கி, அடுத்து யாரைக் காட்டுவதெனத் துணியும். பலராலே தள்ளப்படும் இனத்தவர் மேன்மேலும் பின்னுக்குப் போவர். அமெரிக்காவில் ஓகேகியூபிட் நிறுவனம் 2014இல் வெளியிட்ட தரவுகளின்படி, கறுப்பினப் பெண்களையும் ஆசிய ஆண்களையும் பிற இனத்தவர் பெரும்பாலும் சராசரியினுங் குறைவாகவே மதித்தனர். அம்மதிப்பினையே பொறி பாடமாகக் கற்குமாயின் விளைவு யாதாகும்?

2020ஆம் ஆண்டு ஜூன் மாதத்தில், மக்களின் முறையீட்டின் பின் இந்தியாவின் ஷாதி.கொம் தன் தேடுபக்கத்திலிருந்து தோல் நிறத் தெரிவை அகற்றிற்று. அஃது இயங்காமலே எஞ்சியிருந்ததென்பது அந்நிறுவனத்தார் கூற்று. கிறைண்டர் செயலியும் அம்மாதத்திலேயே இனவாரியாக வடிகட்டும் வசதியை நீக்குவதாக அறிவித்தது. இதற்கு மாறாக, சிறுபான்மையினர் தம்மவரைத் தேடிக்கொள்ள அவ்வசதி வேண்டுமென்பாரும் உளர். கண்டியிற் சிறுபான்மையினராய் வாழும் நாம் அவ்வாதத்தை எளிதிற் புறக்கணித்தல் இயலாது. மணப்பேச்சில் முதலில் ஊரைக் கேட்பவர்கள் நாமுந்தானே.

எனினும் வடிகட்டியை அகற்றுதல் பாதி வேலையே. பெயரும் ஊரும் நிழற்படமும் எஞ்சியிருக்க, இனமென்னுஞ் சொல்லின்றியே பழைய வரிசை மீண்டும் அமைந்துவிடலாம். பத்திரிகை விளம்பரத்தில் விலக்கப்பட்டவர் தம்மை விலக்கிய சொல்லைக் கண்ணாற் கண்டார். அதனைச் சுட்டி வழக்காடவும் முடிந்தது. பேராதனைப் பல்கலைக்கழகத்தில் ஒரே விரிவுரை மண்டபத்தில் இருக்கும் இருவருள் ஒருவர் மற்றவரின் திரையில் ஒருபோதுந் தோன்றாமற் போயின், அங்ஙனம் நிகழ்ந்ததை இருவருள் எவரும் அறியார்.