சோலார் ஹீட்டர் வைத்த ஓட்டு வீடு ஒழுகுதா? குழாய் துளையில் சிமெண்ட் பூசாதீங்க!

கோவை:
கடனை வாங்கி சோலார் ஹீட்டர் வைத்தாச்சு. விறகு மிச்சம், கரண்ட் பில் மிச்சம். ஆனால் முதல் மழைக்கே குழாய் இறங்கும் இடத்தில் சொட்டு சொட்டாக தண்ணீர். ராத்திரி முழுக்க வாளியை மாற்றி மாற்றி வைக்க வேண்டிய நிலை.

ஓட்டு வீட்டில் இருப்பவர்களுக்கு இது பெரிய தலைவலி. வால்பாறை, நீலகிரியில் ஜூன் மாதமே மழை பிடித்துக்கொள்ளும். கோவை, பொள்ளாச்சி பக்கம் அக்டோபர் முதல் டிசம்பர் வரை வடகிழக்கு பருவமழை. ஒழுகல் தொடர்ந்தால் ரீப்பரும் கைமரமும் உளுத்துப்போகும். மின் வயரில் தண்ணீர் இறங்கினால் உயிருக்கே ஆபத்து.

தப்பு எங்கே நடக்கிறது?

ஓட்டில் துளை போட்டு, குழாயை விட்டு, சுற்றிலும் சிமெண்டை அப்பிவிடுவதுதான் வழக்கம். பார்க்க கெட்டியாக இருக்கும். சில மாதத்தில் விரிசல் விட்டுவிடும்.

காரணம் எளிது. குழாய் சும்மா இருப்பதில்லை. காலையில் 20 டிகிரியில் இருக்கும் குழாய், மதியம் சுடுதண்ணீர் ஓடும்போது 70 டிகிரிக்கு போகிறது. அப்போது 10 அடி செம்புக் குழாய் சுமார் 2.5 மில்லி மீட்டர் நீளும். சிபிவிசி பிளாஸ்டிக் குழாய் என்றால் சுமார் 1 சென்டி மீட்டர். ராத்திரி குளிர்ந்ததும் பழையபடி சுருங்கும்.

தினமும் இப்படி இழுத்துத் தள்ளினால் சிமெண்ட் தாங்குமா? எம்-சீல் வைத்தாலும் இதே கதைதான். காய்ந்ததும் அது கல் மாதிரி ஆகிவிடும், வளைந்து கொடுக்காது. சிலிக்கான் பசை வளையும். ஆனால் தூசியும் பாசியும் படிந்த ஓட்டில் சரியாக பிடிக்காது.

ஓடு சொல்லும் பாடம்

மங்களூரில் முதல் ஓட்டு ஆலை 1865-ல் தொடங்கப்பட்டது. அன்று முதல் இன்று வரை ஒரு ஓட்டுக்கும் அடுத்த ஓட்டுக்கும் நடுவில் பசை கிடையாது. ஆனாலும் ஒழுகுவதில்லை. மேல் ஓடு கீழ் ஓட்டின் மீது ஏறி உட்கார்ந்திருப்பதால் தண்ணீர் வழுக்கிக்கொண்டு போய்விடுகிறது.

குழாய் துளைக்கும் இதே விதிதான். தண்ணீரை அடைக்க பார்க்காதீங்க, வழி விட்டு ஓட விடுங்க.

கூரையில் துளை தேவையா?

முதலில் இதை யோசியுங்கள். கூரை விளிம்புக்கு கீழே சுவரில் துளை போட்டு குழாயை உள்ளே கொண்டு வர முடிந்தால் அதுதான் நல்லது. துளை வெளிப்பக்கம் சற்று சாய்வாக இருக்க வேண்டும். வெளியே குழாயை ஒரு முறை கீழே வளைத்து, பிறகு மேலே ஏற்றி உள்ளே விட்டால், குழாயோடு வழியும் மழைத் தண்ணீர் வளைவிலேயே சொட்டிவிடும்.

ஹீட்டர் தொட்டியை ஓட்டின் மேல் வைக்கவே கூடாது. 100 லிட்டர் தண்ணீரே 100 கிலோ. பக்கத்து குளியலறையின் கான்கிரீட் கூரை மீதோ, தனி இரும்பு ஸ்டாண்டு மீதோ வைப்பதே பாதுகாப்பு.

தகடும் குடையும்

கூரை வழியாகத்தான் வர வேண்டும் என்றால், முகட்டுக்கு பக்கத்தில் இடம் பாருங்கள். அங்கே ஓடி வரும் தண்ணீர் குறைவு. இரண்டு சரிவு சேரும் பள்ளத்தில் துளை கூடவே கூடாது. கைமரத்தையும் வெட்டக் கூடாது.

அந்த இடத்தில் ஒரு ஓட்டை எடுத்துவிட்டு, அதே நெளிவில் தகர வேலை செய்பவரிடம் தகடு அடித்து வாங்குங்கள். தகட்டின் மேல் ஓரம் மேல் ஓட்டுக்கு அடியிலும், கீழ் ஓரம் கீழ் ஓட்டுக்கு மேலேயும் வர வேண்டும். மாறிப்போனால் மழை நேராக வீட்டுக்குள் வரும்.

தகட்டில் 4 அங்குல உயரத்துக்கு ஒரு குழல் நிற்க வேண்டும். குழாய் அதற்குள் இடிக்காமல் மேலும் கீழும் போய்வர இடைவெளி வேண்டும். குழலுக்கு மேலே, குழாயில் குடை மாதிரி ஒரு சின்ன தகட்டை ரப்பர் வைத்து கிளிப் போட்டு இறுக்குங்கள். மழை குடை மேல் விழுந்து தகட்டில் வழிந்து ஓட்டில் இறங்கிவிடும். குழாய் நீண்டாலும் சுருங்கினாலும் குடையும் கூடவே போய்வரும். எங்கும் விரிசல் இல்லை.

இங்கே பலர் ஏமாறும் இடம் ஒன்று உண்டு. குழாய் மேல் சுற்றியிருக்கும் கறுப்பு ஸ்பான்ஜ் தண்ணீரை உள்ளே இழுத்துக்கொண்டு வரும். எனவே குடை கவ்வும் இடத்தில் மட்டும் ஸ்பான்ஜை ஒரு விரல் அகலம் வெட்டி, குழாயின் மீதே குடையை இறுக்க வேண்டும்.

செம்புக் குழாய் என்றால் அலுமினியத் தகடும் ஜி.ஐ. தகடும் அதை நேராக தொடக் கூடாது. தொட்டால் தகடு அரித்துவிடும்.

கூலி கொடுக்கும் முன்

மழை வரும்வரை காத்திருக்க வேண்டாம். ஒருவர் உள்ளே டார்ச்சோடு நிற்கட்டும். இன்னொருவர் வெளியே ஏணியில் நின்று, முதலில் தகட்டின் கீழ்ப்பக்கம், பிறகு நடுவில், கடைசியாக மேல்பக்கம் என்று ஒவ்வொரு இடத்திலும் 10 நிமிடம் மெதுவாக தண்ணீர் ஊற்றட்டும். எந்த இடத்தில் ஊற்றும்போது சொட்டுகிறதோ அங்கேதான் கோளாறு. ஹோஸ் பைப்பை கீழிருந்து மேலே பீய்ச்சினால் நல்ல கூரையும் ஒழுகும், ஜாக்கிரதை.

மழையே இல்லாத நாளிலும் சொட்டினால் கூரை மீது பழி போடாதீங்க. அது குழாய் இணைப்பின் கசிவு.

இந்த சோதனை முடியும்வரை கூலியில் ஒரு பகுதியை நிறுத்தி வைப்பது நல்லது. ஒரு தகடும் ஒரு குடையும் பெரிய செலவு இல்லை. உளுத்துப்போன கைமரத்தை மாற்றுவதுதான் பெரிய செலவு.