பிசகியது நரம்பு அல்ல, தசை!

“கையிலே நரம்பு பிசகிப் போச்சுங்க அண்ணே. உருவி விட்டாச் சரியாப் போயிடும்.”

சிலிம் ரிவர் பக்கத்துத் தோட்டம் ஒன்றுக்கு நாம் போயிருந்தபோது, செம்பனைக் குலை வெட்டும் தோழர் ஒருவர் இப்படிச் சொன்னார். வலது மேற்கை வீங்கி, முழங்கைக்கு மேலே நீலம் பாரித்திருந்தது. இரண்டு நாளாக வீட்டம்மா தைலம் போட்டு அழுத்தி உருவுகிறார். அந்தக் கையோடுதான் அன்று காலையும் காட்டுக்குப் போய் வந்திருக்கிறார்.

நரம்பு அல்ல அது. கையை மடக்கினால் முன்பக்கம் பந்து போல எழும்புகிறதே, அந்தத் தசை. மேலே இரண்டு கிளையாகத் தோள்பட்டையைப் பிடித்திருப்பதால் இருதலைத் தசை என்று பெயர். கீழே முழங்கையைத் தாண்டி முன்கை எலும்பில் ஒட்டியிருக்கிறது. முழங்கையை மடக்குவதும், உள்ளங்கையை மேல்நோக்கித் திருப்புவதும் இதன் வேலை.

ரப்பர்க் காட்டில் பால் வாளி தூக்கிய காலத்திலும் கை நோவு உண்டுதான். செம்பனை வந்தபின் பாடு அதிகம். அரிவாள் கட்டிய நீளக் கழியை அண்ணாந்து இழுக்க வேண்டும். குலை ஒன்று 10, 20 கிலோ, சிலது அதற்கு மேலும் இருக்கும். அதை லாரிக்கு ஏற்றும்போது வழுக்கினால், மடங்கிய கை பாரத்தோடு வெடுக்கென்று நீளும். அப்போதுதான் தசைநார் பழங்கயிறு போலப் பிரிகிறது.

முதல் இரண்டு மூன்று நாளைக்கு உருவக் கூடாது, ஒத்தடமும் கூடாது. சூடு பட்டால் உள்ளே இரத்தக் கசிவும் வீக்கமும் கூடும். (நம் பாட்டிமார் உருவித்தான் நம்மை வளர்த்தார்கள். அவர்களைக் குறை சொல்லவில்லை!) ஐஸ்கட்டியைத் துண்டில் சுற்றி 15, 20 நிமிடம் வையுங்கள். ஒரு நாளில் பல தடவை செய்யலாம். துணிக்கட்டுப் போட்டு விரல் மரத்தால் உடனே தளர்த்துங்கள். படுக்கும்போது கைக்குக் கீழே தலையணை இருக்கட்டும். வலி தணிந்ததும் கையை மெல்ல மடக்கி நீட்டிப் பழக வேண்டும். வாரக் கணக்கில் அசைக்காமல் வைத்தால் முழங்கை இறுகிவிடும். பாரம் தூக்குவது கடைசியில்தான், அதுவும் கொஞ்சம் கொஞ்சமாக.

‘டப்’பென்று சத்தம் கேட்டதா? தசை ஒரு பக்கம் சுருண்டு உருண்டையாக நிற்கிறதா? உள்ளங்கையைத் திருப்ப வலுவில்லையா? அன்றைக்கே சிலிம் ரிவர் ஆஸ்பத்திரிக்குப் போய்விடுங்கள். முழங்கைப் பக்கம் தசை அறுந்திருந்தால் அறுவை சிகிச்சை தேவைப்படலாம். வாரங்கள் கடந்தால் அறுந்த முனை சுருங்கி, இழுத்து ஒட்டுவது கடினம்.

“கை நோகுதுன்னு படுத்துக்கிட்டா அடுப்பு எரியுமா அண்ணே?” என்றார் தோழர். நியாயமான கேள்வி. குலைக் கணக்குக்குத்தானே கூலி!

1955ஆம் ஆண்டு வேலைச் சட்டப்படி சம்பளத்தோடு மருத்துவ விடுப்பு உண்டு. இரண்டு வருடத்துக்குக் குறைவான சேவை என்றால் ஆண்டுக்கு 14 நாள், ஐந்து வருடத்துக்குள் 18, அதற்கு மேல் 22. 48 மணி நேரத்துக்குள் நிர்வாகத்துக்குத் தெரிவிக்காவிட்டால் மட்டம் போட்டதாக ஆகிவிடும். வேலையில் பட்ட அடி என்றால் 1971இல் தொடங்கிய சொக்சோ இருக்கிறது. விபத்து நாளையும் சேர்த்து நான்கு நாளுக்குக் குறையாமல் டாக்டர் ஓய்வு எழுதினால், சராசரி நாள் சம்பளத்தில் 80 விழுக்காடு கிடைக்கும். 2019 ஜனவரி முதல் வெளிநாட்டுத் தோழர்களுக்கும் வேலை விபத்துப் பாதுகாப்பு உண்டு.

ஆனால் அடி பட்ட அன்றே சொல்ல வேண்டும். எந்த இடம், எத்தனை மணி, யார் பார்த்தது என்று கிராணியிடம் எழுத வைக்க வேண்டும். டாக்டரிடமும் வேலையில் பட்டது என்றே சொல்லுங்கள். முதலாளி தகவல் கிடைத்து 48 மணி நேரத்துக்குள் சொக்சோவுக்கு அறிவிக்கக் கடமைப்பட்டவர்.

நம் தோழர் யாரிடமும் மூச்சு விடவில்லை. “வீட்டிலே பட்டதோ என்னமோ” என்று ஆபீசில் இழுத்தார்கள். நல்லவேளை, லாரியில் கூட நின்று குலை ஏற்றியவர் வந்து சாட்சி சொன்னார். டாக்டர் பத்து நாள் ஓய்வு எழுதினார். பாரம் நிரப்பிக் கையெழுத்தானபோது பொழுது சாய்ந்துவிட்டது.

வெளியே வந்ததும் தோழர் கேட்டார்: “அப்போ தைலம்?”

“தலைவலிக்கு வச்சுக்குங்க,” என்றோம்.