தவணைக்கு முன் கடையை விடுதல்

கிளிநொச்சியில் கண்டி வீதியோரம் கடையொன்றை ஐந்தாண்டுக் குத்தகைக்கு எடுக்கும் வணிகர், உறுதி எழுதும் வேளையில் வாடகையையும் முற்பணத்தையும் பலமுறை எண்ணிப் பார்ப்பார். இரண்டாம் ஆண்டிலேயே கடையை மூட நேர்ந்தால் எஞ்சிய மூன்றாண்டு வாடகைக்கு யார் பொறுப்பு என்பதை எண்ணுபவர் சிலரே. பொறுப்பு அவருடையதே. காலம் குறித்து எடுத்த குத்தகையை, வியாபாரம் நட்டம் என்ற காரணத்தால் ஒருவர் தம் விருப்பப்படி முடித்துவிட இலங்கைச் சட்டம் இடந்தராது. உறுதியிலே அதற்கென நிபந்தனை ஒன்று இருத்தல் வேண்டும். அதனை இடைமுடிவு நிபந்தனை எனலாம்.

இடையில் விட்டுப்போதலை வன்னி மக்கள் அறியாதவர் அல்லர். 1996இலும் 2008இலும் கிளிநொச்சி நகரே இடம்பெயர்ந்தது. 2004 டிசெம்பர் 26இல் முல்லைத்தீவுக் கரையை ஆழிப்பேரலை அழித்தது. இத்தகைய பேரிடர்க்கு, இந்நாட்டின் பொதுச் சட்டமாகிய உரோம டச்சுச் சட்டம் ஒருவாறு வழி சொல்கிறது: மனித ஆற்றலை மீறிய காரணத்தால் கடையைப் பயன்படுத்த இயலாதவர், அக்காலத்து வாடகையைத் தள்ளிவிடுமாறு கோரலாம். ஆனால் பக்கத்தில் பெரிய அங்காடி எழுந்ததும், வயல் விளையாமையால் வாங்குவோர் குறைந்ததும் பேரிடராகக் கொள்ளப்படா.

"வேண்டாமென்றால் ஒரு சொல் சொல்லிப்போட்டுப் போங்கோ, தம்பி" என்று கடைச் சொந்தக்காரர் அன்போடு கூறுவதுண்டு. அச்சொல்லை நம்பி இருத்தல் தகாது. ஒரு மாதத்துக்கு மேற்பட்ட குத்தகை, நொத்தாரிசு முன்னிலையிலும் இரு சாட்சிகள் முன்னிலையிலும் எழுதப்பட வேண்டும் என்பது 1840ஆம் ஆண்டின் 7ஆம் இலக்கக் கட்டளைச் சட்டம். அவ்வாறு எழுதிய உறுதிக்கு மாறான வாய்ப்பேச்சை, 1895ஆம் ஆண்டின் சாட்சிக் கட்டளைச் சட்டம் பொதுவாக ஏற்பதில்லை. சொந்தக்காரர் காலமாகி அவருடைய பிள்ளைகள் கணக்குக் கேட்கும்போது, பேசுவது உறுதி ஒன்றே.

ஆகவே எந்த நாளில் முடிக்கலாம், எத்தனை மாதம் முன்னரே அறிவித்தல் கொடுக்க வேண்டும், பதிவுத் தபாலில் எந்த முகவரிக்கு அனுப்ப வேண்டும் என்பன தெளிவாய் எழுதப்படல் வேண்டும். இவ்வுரிமை வணிகருக்கு மட்டுமா, சொந்தக்காரருக்குமா என்பதும் தெளிவாதல் வேண்டும். இருவருக்கும் என்று எழுதினால், வியாபாரம் சூடுபிடிக்கும் வேளையில் எழும்பும்படி கேட்கவும் இடமுண்டு. காலபோக அறுவடை முடிந்து கையிற் காசு புழங்கும் காலத்தை அடுத்து முடிவு நாளை வைத்தல் கெட்டித்தனம். சரக்கை விற்றுத் தீர்த்து வெளியேறலாம். இங்கிலாந்தில் ஒரு நிறுவனம் சனவரி 13 என்று குறிக்க வேண்டிய அறிவித்தலில் 12 என்று குறித்துவிட்டது. அந்த ஒரு நாட் பிழை பிரபுக்கள் சபை வரை சென்றது. 1997இல் மூவருக்கு இருவர் என்ற பெரும்பான்மையால்தான் அவ்வறிவித்தல் செல்லுபடியாயிற்று.

வழக்குக்கு மிகுதியும் இடமாவது முற்பணமே. மார்க்ஸ் அண்ட் ஸ்பென்சர் என்னும் புகழ்பெற்ற வணிக நிறுவனம் 2012 சனவரி 24இல் இலண்டனிற் குத்தகையொன்றை இடையில் முடித்தது. மார்ச்சு மாதம் வரைக்குமான வாடகையை முன்கூட்டியே கட்டியிருந்தது. எஞ்சிய நாட்களின் பணத்தை அது மீளக் கேட்டது. திருப்பித் தருமாறு உறுதியில் ஒரு சொல்லும் இல்லையாதலால் 2015இல் பிரித்தானிய உயர்நீதிமன்றம் மறுத்துவிட்டது. பேரறிஞரான வழக்கறிஞர்கள் எழுதிய உறுதியிலேயே இந்தக் குறை! முற்பணத்தில் எவ்வளவு, எத்தனை நாளில் திரும்பும், வணிகர் அடித்த தட்டுகளும் இறக்கிய தகரப் பத்தியும் யாருக்கு உரியன என்பனவற்றை ஒரு பந்தியில் எழுதிவிட்டால் பின்னர்ப் பிணக்குக் குறையும்.

இவையெல்லாம் உரித்துள்ள தனியார் காணிக்கே பொருந்தும். இரணைமடுக் குளத்தை நம்பி எழுந்த குடியேற்றங்களிற் பல காணிகள், 1935ஆம் ஆண்டின் காணி அபிவிருத்திக் கட்டளைச் சட்டத்தின் கீழ் அனுமதிப்பத்திரத்தில் வழங்கப்பட்டவை. உரிய அரச அனுமதியின்றி அவற்றைக் கைமாற்றினால் அந்தக் கைமாற்றம் செல்லாது. ஆதலால் அங்கே கடை எடுப்பவர், குத்தகையை எவ்வாறு முடிப்பது என்று பேசுமுன், பிரதேச செயலகத்துக்குச் சென்று காணியின் தன்மையை விசாரித்தல் வேண்டும்.