மழை நாளில் மூன்று சக்கரங்கள்

மிதிவண்டிகளில் கூட்டமாகப் புறப்பட்டுப் பல நாள் ஊர் சுற்றி வருவது மேலைநாடுகளில் வேரூன்றிய பழக்கம். அத்தகைய கூட்டங்களில் விந்தையான வண்டி ஒன்றையும் இந்நாளில் காண்கிறோம். அதற்கு மூன்று சக்கரங்கள். ஆனால் நம் ஊர் சைக்கிள் ரிக்‌ஷாவின் அமைப்பு இதில் திரும்பிப்போய்விட்டது; முன்னே இரண்டு, பின்னே ஒன்று. ஓட்டுபவர் தரையினின்று ஒரு முழத்துக்கும் குறைந்த உயரத்தில், சாய்வு நாற்காலியில் இருப்பதுபோல் சாய்ந்தமர்ந்து, கால்களை முன்னே நீட்டி மிதிக்கிறார். ட்ரைக் என்று இதனை அழைக்கின்றனர்.

வேடிக்கைக்காக இதில் ஏறுபவர்களும் உண்டு. ஆயினும் பக்கவாதத்தினின்று மீண்டவர், தள்ளாட்டம் கண்டவர், நெடுநேரம் குனிந்து ஓட்ட முதுகு இடங்கொடாத முதியவர் ஆகியோருக்கே இது பெருங்கொடை. இருசக்கர வண்டி வேகம் குறைந்தால் சாய்ந்துவிடும். இதுவோ நத்தைபோல் ஊர்ந்தாலும், நின்றே போனாலும் சாயாது. வீட்டோடு முடங்க வேண்டியவரும் கூட்டத்தோடு புறப்படலாம்.

வெயில் நாளில் எல்லாம் இனிதே நடக்கும். மழை நாளில் என்ன ஆகும்? அமெரிக்காவின் புகழ்பெற்ற பாதை ஒன்றில் அத்தகைய கூட்டத்தின் ஒரு நாளை நாம் பின்தொடர்வோம்.

மேரிலாந்து மாநிலத்தின் கம்பர்லாந்து நகரிலிருந்து தலைநகர் வாஷிங்டனின் ஜார்ஜ்டவுன் வரை, பொட்டோமாக் ஆற்றை ஒட்டி 297 கிலோமீட்டர் நீளத்துக்கு ஒரு பழைய கால்வாய் உண்டு. 1828இல் தோண்டத் தொடங்கி, 1850இல் கம்பர்லாந்தை எட்டினர். கோவேறு கழுதைகள் கரைமேல் நடந்து படகுகளை இழுத்தன. 1924இன் வெள்ளத்தோடு படகுப் போக்குவரத்து ஓய்ந்தது. கழுதைகள் நடந்த கரையே இன்று மிதிவண்டிப் பாதை. அதுவும் எளிதில் தப்பியதன்று. அங்கே மோட்டார் சாலை போடும் திட்டத்தை 1954இல் ஒரு நாளிதழ் ஆதரித்தபோது, உச்ச நீதிமன்ற நீதிபதி வில்லியம் டக்ளஸ், “என்னோடு முழுத் தொலைவும் நடந்து பாருங்கள்” என அதன் ஆசிரியர்களை அழைத்தார். நடைப்பயணத்தைக் கடைசிவரை முடித்தவர்கள் ஒன்பது பேரே. சாலைத் திட்டம் கைவிடப்பட்டது. 1971இல் கால்வாய் தேசியப் பூங்காவாயிற்று.

நம் கூட்டத்தினர் முந்தின நாள் கம்பர்லாந்தில் புறப்பட்டு, பாவ்பாவ் என்னும் சிற்றூருக்கருகில் இரவு தங்கியிருக்கின்றனர். (பப்பாளி என்று எண்ண வேண்டா. பாவ்பாவ் என்பது நம் சீத்தாப்பழத்தின் குடும்பத்தைச் சேர்ந்த அவ்வூர்க் கனி.) விடியும்போதே மழை. ஹான்காக் ஊர் வரை ஏறத்தாழ 50 கிலோமீட்டர் போகவேண்டும். பாதையில் குதிரைவண்டிகள் எதிர்வந்து ஏற்றிக்கொள்ளப் போவதில்லை, மிதித்தால்தான் ஊர்.

புறப்பட்டதும் வருவது 950 மீட்டர் நீளமுள்ள சுரங்கம். இரண்டே ஆண்டுகளில் முடிப்பதாக 1836இல் தொடங்கிய வேலை, 14 ஆண்டுகள் இழுத்தது. அறுபது இலட்சத்துக்கும் மேற்பட்ட செங்கற்கள் உள்ளே பதிந்துள்ளன. ஒப்பந்தக்காரர் கடனாளியானார். அயர்லாந்திலிருந்து பிழைக்க வந்த கத்தோலிக்கத் தொழிலாளர் பலர் இக்கால்வாயில் உழைத்தனர். 1832இல் காலரா அவர்களில் பலரைக் கொண்டுபோயிற்று. சுரங்கத்துள் மிதிவண்டியைத் தள்ளிக்கொண்டே நடக்கவேண்டும் என்பது விதி. தரையோடு கிடக்கும் ட்ரைக்கைத் தள்ளுவது எளிதன்று. இருக்கையின் முதுகைப் பற்றிக் குனிந்தே நடக்கவேண்டும். கைவிளக்கின் ஒளியில் மரக்கைப்பிடிச் சுவரைப் பார்த்தால், படகுக் கயிறுகள் உரசிய பள்ளங்கள் இன்றும் தெரியும். அந்த ஒரு கால் மணி நேரம் மட்டும் மழை இல்லை. வெளியே வந்ததும் மறுபடி நனைதல்.

சாய்ந்திருப்பவர்மேல் மழை நேரே முகத்திலும் மடியிலும் விழுகிறது. மூக்குக்கண்ணாடி அணிந்தவர் பாடு சொல்லவேண்டா. உயர்ந்து நிற்கும் காலணிகளுக்குள் நீர் இறங்கித் தேங்குகிறது. முன்சக்கரங்கள் முழங்கைகளுக்குச் சேற்றை வாரி வழங்குகின்றன. குழிக்கும் குழிக்கும் நடுவே இருசக்கர வண்டிக்காரர் ஒரே கோடு பிடித்துத் தப்பிவிடுவார். ட்ரைக்குக்கு மூன்று கோடுகள். ஒரு சக்கரம் தடத்தில் ஓடினால் மற்றொன்று புல்லில், இன்னொன்று சேற்றில். பாரத்தின் பெரும்பகுதி முன்னே இருப்பதால், உந்த வேண்டிய பின்சக்கரம் களிமண்ணில் வீணே சுழல்கிறது. விழமாட்டார்கள் என்பது மட்டுமே ஆறுதல்.

இதுபோன்ற நாளில்தான் கூட்டம் என்பதன் பொருள் சோதிக்கப்படுகிறது. வலியவர் முன்னே போய் ஓரிடத்தில் காத்திருப்பர். கடைசி ஆள் வந்து சேர்ந்ததும், “சரி, எல்லாரும் வந்தாயிற்று” என்று எழுந்துவிடுவர். இளைப்பாறியவருக்கே மேலும் இளைப்பாறல்; களைத்தவருக்கு ஒன்றுமில்லை. வெயில் நாளில் இது வெறும் அநீதி. மழையிலோ ஆபத்து. மிதிக்கும்போது உடலில் சூடு இருக்கும்; நனைந்த பருத்தித் துணியோடு காத்து நின்றால் அது விரைந்து வடிந்துவிடும். முன்னே போனவர் நின்று விறைக்கிறார். பின்னே வருபவர் நிற்க முடியாமல் ஓய்கிறார். நடுக்கம் கண்டு, பேச்சுக் குழறி, விரல்கள் தடைக்கட்டையை அழுத்த மறுக்குமானால் அது சோம்பலன்று; உடல் வெப்பம் இறங்கும் அறிகுறி. உடனே உலர்ந்த ஆடை, சூடான பானம், ஒதுங்க இடம் வேண்டும்.

அனுபவமுள்ளவர்கள் இதற்கொரு வழி வைத்திருக்கின்றனர். மிக மெதுவாக வருபவரை முன்னே விட்டுவிடுவது! அவர் வேகமே கூட்டத்தின் வேகம். கடைசியில், பழுது பார்க்கத் தெரிந்த ஒருவர். வலியவர்களுக்கு இது பெரும் எரிச்சல் என்பது உண்மைதான். ஆனால் அன்று எவரும் தனியே நின்று விறைப்பதில்லை. நம் எண்ணத்தில், பலவீனருக்கென அமைந்த ஊர்திகளில் புறப்பட்டுவிட்டு வலியவரின் வேகத்துக்கு ஓடுவது பொருளற்றது.

இருபத்து நான்கு கிலோமீட்டர் சேற்றுக்குப் பின் லிட்டில் ஆர்லியன்ஸ். குன்றின்மேல் புனித பத்ரீசியார் ஆலயம். அயர்லாந்து மக்கள் எங்கே போனாலும் அவரை விடுவதில்லை. இங்கே கால்வாய்க்கு இணையாக, பழைய இரயில் தடத்தின்மேல் போட்ட தார்ப்பாதை கிடைக்கிறது. பழைய இரயில் சுரங்கம் ஒன்றை மட்டும் வௌவால்களின் உறக்கத்தைக் காக்க அடைத்துவிட்டதால், சிறிது தொலைவு மீண்டும் சேற்றில் இறங்கவேண்டும். பிறகு ஹான்காக் வரை தார்தான். மூன்று சக்கரங்களும் ஓசையின்றி ஓடுகின்றன. காலையிலிருந்து வாய் திறவாதவர்கள் பேசத் தொடங்குகின்றனர்.

ஹான்காக்கில் இரவுணவுக்கு முன்னே வேலை இருக்கிறது. ட்ரைக்கின் சங்கிலி சாதாரண மிதிவண்டிச் சங்கிலியைப்போல் ஏறத்தாழ மூன்று மடங்கு நீளம். அதன் ஒவ்வொரு கண்ணியிலும் மணல். கழுவித் துடைத்து எண்ணெய் இடவேண்டும். ஈரக் காலணிகளுக்குள் பழைய செய்தித்தாளைக் கசக்கித் திணிக்கின்றனர். இரவில் ஒருமுறை எழுந்து தாளை மாற்றினால், காலைக்குள் பாதியேனும் உலரும். ஜார்ஜ்டவுனுக்கு இன்னும் 200 கிலோமீட்டர்.